ஆப்பிள் வீடியோ கேமில் இன்னும் பணம் போட வேண்டுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேக் வாங்கும் முன் யோசனை கேட்பவர்கள், ஆப்பிள் பங்கு வைத்திருப்பவர்கள், கேம் செய்து பிழைக்க நினைக்கும் இளைஞர்கள் என்று மூன்று தரப்பாரும் என்னிடம் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியே பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. பதில்களில் தகவல் பொதுவானது, அபிப்பிராயம் என்னுடையது.

ஆப்பிள் போன் விற்கிற கம்பெனிதானே, அதற்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்த நாளிலிருந்தே அங்கே அதிகம் விலைபோன சரக்கு கேம்தான். ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் நிறுவனம் ஆப்பிள் மேல் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் தீர்ப்பு எழுதிய நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ், ஆப் ஸ்டோர் வருமானத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கேம்களிலிருந்து வருகிறது என்று பதிவு செய்தார். அந்த 70 சதவீதத்தைத் தருபவர்களோ, ஆப் ஸ்டோர் வாடிக்கையாளர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்கள். கைபேசி கேமுக்குள் வைரமும் நாணயமும் வாங்கிக் குவிக்கும் ஒரு சிறு கூட்டம்தான் அந்தக் கடையின் பெரும்பாரத்தைச் சுமக்கிறது.

ஆகவே உலகில் கேமால் அதிகம் சம்பாதிக்கும் நிறுவனங்களில் ஆப்பிளும் ஒன்று. சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு கேம்கூடச் செய்யாமல் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதுதான் விசித்திரம்.

செய்யாமலேயே காசு வருகிறதென்றால் எதற்காக முதலீடு செய்ய வேண்டும்?

ஆப்பிளுக்குள்ளும் இந்தக் கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கேம் விஷயத்தில் ஆப்பிள் இன்றுவரை அரைமனதாகவே நடந்துகொள்வதற்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன். சந்தைவாசலில் சுங்கம் வசூலிப்பவர் உள்ளே வந்து காய்கறி பயிரிட மாட்டார்.

ஆனால் சுங்கம் நிரந்தரமல்ல. ஆப் ஸ்டோர் விற்பனையில் ஆப்பிள் எடுத்துக்கொள்ளும் 30 சதவீதக் கமிஷனை அமெரிக்க நீதிமன்றமும் ஐரோப்பிய ஒன்றியமும் நாலா பக்கமும் அரித்துக்கொண்டிருக்கின்றன (விவரம் எபிக் வழக்கு பற்றிய கேள்வியில்). இன்னொரு காரணமும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்கிறது என்பதைப் பெரும்பாலும் கேம்தான் தீர்மானிக்கிறது. விண்டோஸ் கேட்கும் பிள்ளை பத்து ஆண்டு கழித்தும் விண்டோஸில்தான் இருக்கும்.

இதற்கு முன் ஆப்பிள் முயன்றதே இல்லையா?

முயன்றது, பாதியில் விட்டது, மறுபடி முயன்றது. 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனத்தோடு சேர்ந்து பிப்பின் என்ற கன்சோலை (டிவியோடு இணைத்துக் கேம் விளையாடும் பெட்டி) கொண்டுவந்தது. அமெரிக்காவில் விலை 599 டாலர். விற்பனை ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டே கடையைக் கட்டினார்கள்.

அதைவிட வலிக்கும் கதை ஹேலோவுடையது. 1999 ஜூலையில் நியூயார்க் மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் அந்தக் கேமை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அடுத்த ஆண்டு ஜூனில் அதைச் செய்துகொண்டிருந்த பங்கீ நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் வெளிவந்தபோது அதைத் தூக்கி நிறுத்தியது அதே ஹேலோதான். ஆப்பிளுக்கு நல்ல கேமை அடையாளம் காணத் தெரியாமல் இல்லை. கையில் வந்ததைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அக்கறைதான் இல்லாமல் போயிற்று.

ஆப்பிள் ஆர்கேட் என்று ஒன்று இருக்கிறதே, அது முதலீடு இல்லையா?

முதலீடுதான். மாதச் சந்தாவுக்குக் கேம்கள் தரும் அந்தச் சேவை, 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் மாதம் 4.99 டாலருக்கும் இந்தியாவில் 99 ரூபாய்க்கும் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, கேமுக்குள் காசு கேட்பது கிடையாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்றும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். முதல் ஆண்டு வந்த சில கேம்கள் அழகாகவே இருந்தன. ஃபைனல் ஃபேன்டஸி கேம் வரிசையைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சி, கையால் செய்த குட்டி அரங்குகளைப் படமெடுத்து அவற்றுக்குள் ஃபேன்டேசியன் என்ற முழுநீளக் கேமை அமைத்தார். அது 2021-இல் ஆர்கேடில் வெளிவந்தது.

ஆனால் 2020 நடுவிலேயே ஆப்பிள் சில ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டு, சந்தாதாரர்களை நீண்ட நாள் பிடித்துவைக்கும் கேம்கள்தான் வேண்டும் என்று ஸ்டூடியோக்களிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு பட்டியலில் பழைய கைபேசி கேம்களின் விளம்பரமில்லாப் பதிப்புகள் பெருகின. ஒப்பந்தம் முடிந்த கேம்கள் ஒவ்வொன்றாக விலகின. ஃபேன்டேசியனும் 2024 இறுதியில் மற்றக் கன்சோல்களுக்குப் போய், அங்கேதான் பரவலாகப் பேசப்பட்டது. மொத்தத்தில் ஆர்கேட் மோசமான சேவை அல்ல. தொடங்கிய வேகத்தில் நடத்தப்படாத சேவை.

மேக் சிப் அவ்வளவு வேகம் என்கிறார்கள், பிறகு ஏன் மேக்கில் கேம் இல்லை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. சிப் வேகமானதுதான். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்த பிறகு மேக்கின் வன்பொருளைக் குறை சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

2019 அக்டோபரில் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் கேட்டலினா பதிப்புக்கு மாறியவர்களுக்கு நினைவிருக்கும். அப்டேட் முடிந்து திரை திறந்ததும் பழைய கேம்களின் ஐகான் மேல் குறுக்குக் கோடு போட்ட வட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அழுத்தினால், உருவாக்கியவர் இதைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. காசு கொடுத்து வாங்கி, முந்தின நாள் வரை ஓடிய கேம். அதைச் செய்த ஸ்டூடியோ எப்போதோ மூடப்பட்டிருக்கும். யார் புதுப்பிப்பது? 32 பிட் என்ற பழைய வகை மென்பொருளுக்கு ஆதரவை நிறுத்தியதால் ஒரே இரவில் மேக்கின் கேம் அலமாரியில் பெரும்பகுதி காலியாயிற்று. ஐபோனில் இதே கூத்து 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது நடந்து முடிந்திருந்தது. அதற்கும் முன்னால், 2011-இல் மேக்ஓஎஸ்ஸின் லயன் பதிப்பு, பழைய பவர்பிசி சிப்புக்கு எழுதிய மென்பொருளை ஓடவைத்த ரொசெட்டாவைக் கழற்றியபோது அந்தக் காலத்துக் கேம்கள் போயின. நடுவில் 2018-இல், கேம்கள் திரையில் படம் வரையப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். மற்றவர்கள் பயன்படுத்தும் வல்கனையும் ஏற்கவில்லை. மெட்டல் என்ற தங்கள் சொந்த வழியில்தான் எழுத வேண்டும் என்றார்கள்.

இப்போது ஒரு ஸ்டூடியோ முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சிறு கூட்டத்துக்காகத் தனியாக மெட்டலில் எழுத வேண்டும். எழுதிய பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆப்பிள் தரையை உருவும்போதெல்லாம் மறுபடி எழுத வேண்டும். விண்டோஸில் இருபது ஆண்டுக்கு முந்தைய கேம்கள் பலவும் சிறு தகராறோடு இன்றும் ஓடுகின்றன. எழுத்துவேலைச் செயலி என்றால் ஆண்டுதோறும் சந்தா வரும், ஆண்டுதோறும் திருத்தலாம். கேம் அப்படியல்ல. விற்பனை முதல் சில மாதங்களோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதைத் தொட ஆள் இருக்காது.

அதனால்தான் கவுன்டர் ஸ்ட்ரைக் மேக்கை விட்டுப் போனதா?

ஆமாம், ஆள் குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது. 2023-இல் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது, மேக்கிலும் மிகப் பழைய கணினிகளிலும் விளையாடுபவர்கள் எல்லாரையும் கூட்டினாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லி, அதைச் செய்த வால்வ் நிறுவனம் மேக் ஆதரவை நிறுத்தியது.

ஆப்பிளிடம் பணம் கொட்டிக் கிடக்கிறதே, ஒரு பெரிய கேம் கம்பெனியை வாங்கிப் போட்டால் என்ன?

வாங்கப் பணம் இருக்கிறது. 2024 மே மாதத்தில் மட்டும் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க 11,000 கோடி டாலருக்கு அனுமதி அறிவித்தது ஆப்பிள். ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற பெரிய கேம் நிறுவனத்தை வாங்க மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட தொகை 6,870 கோடி டாலர்தான். எனினும் வாங்கக் கூடாது என்பதே என் பதில்.

மைக்ரோசாஃப்டைப் பாருங்கள். 2014-இல் மைன்கிராஃப்ட் செய்த மொஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்கியது நல்ல வியாபாரம், மறுக்க முடியாது. 2021-இல் கேம் நிறுவனமான பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தை வாங்கியது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் கைக்கு வந்தது. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மே மாதத்தில், முந்தைய ஆண்டுதான் எல்லாரும் பாராட்டிய ஒரு கேமைக் கொடுத்திருந்த டோக்கியோவின் டாங்கோ ஸ்டூடியோவை மூட முடிவெடுத்தார்கள். அதைப் பின்னர் கிராஃப்டான் எடுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் பிஜிஎம்ஐ-யின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். 2025 ஜூலையில் இன்னொரு சுற்று ஆள்குறைப்பில் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்த கேம்களையே கைவிட்டார்கள்.

இத்தனை அனுபவமுள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி. ஆப்பிளின் வரலாற்றிலேயே பெரிய கொள்முதல் 2014-இல் 300 கோடி டாலருக்கு வாங்கிய பீட்ஸ். பல்லாயிரம் பேர் கொண்ட கேம் நிறுவனத்தை விழுங்கிச் செரிக்கும் வயிறு அதற்குக் கிடையாது.

கூகுளும் அமேசானும் இறங்கி என்ன ஆயின?

கூகுள் 2019 நவம்பரில் இணையம் வழியே கேம் விளையாடும் ஸ்டேடியா சேவையைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் தன் சொந்த ஸ்டூடியோக்களை மூடியது. 2023 ஜனவரியில் சேவையையே நிறுத்தியது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பது அதன் பெருமை. இரண்டு ஆண்டுகூடப் பொறுக்காமல் ஸ்டூடியோக்களை மூடியது அதன் சிறுமை. ஒரு பெரிய கேம் முடியவே நான்கைந்து ஆண்டு பிடிக்கும்.

அமேசான் 2020 மே மாதத்தில் குரூசிபிள் என்ற கேமை வெளியிட்டது. வெளியான கேமை ஜூலையில் மறுபடி மூடிய சோதனைக்குத் திருப்பியது. அக்டோபரில் கைவிட்டது. அந்த வகையில் ஒரு சாதனைதான். அமேசானுக்குக் கேமில் உருப்படியாகக் கிடைத்தது 2014-இல் 97 கோடி டாலருக்கு வாங்கிய ட்விட்ச். அதுவும் கேம் விளையாடுவதைக் காட்டும் தளமே தவிர, கேம் செய்யும் இடமல்ல.

ஆப்பிள் டிவி பெட்டியையே கன்சோல் ஆக்கிவிடலாமே?

2015-இல் அந்த வாய்ப்பு இருந்தது. அப்போது ஆப்பிள் போட்ட விதி, ஒவ்வொரு கேமும் பெட்டியோடு வரும் தொடுபரப்பு ரிமோட்டிலேயே விளையாடும்படி இருக்க வேண்டும் என்பது. பத்துப் பதினைந்து பொத்தான் கேட்கும் கேமை அந்தச் சிறு ரிமோட்டுக்குள் எப்படி அடக்குவது? அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் ஸ்டூடியோக்களின் ஆர்வம் வடிந்துவிட்டது. இப்போது கன்சோல் சந்தையில் சோனியும் நிண்டெண்டோவும் உட்கார்ந்திருக்கின்றன. மைக்ரோசாஃப்டே அங்கே மூச்சு வாங்குகிறது. நான்காவதாக ஒரு பெட்டிக்கு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஐபோனிலேயே ரெசிடென்ட் ஈவில் ஓடுகிறதே, அது போதாதா?

ஓடுகிறது. ஐபோன் 15 புரோ வந்தபோது, கன்சோல்களில் வந்த அந்தப் பெரிய கேமைப் பெருமையாக மேடையில் காட்டினார்கள். 2024 ஜூனில் அசாசின்ஸ் கிரீட் மிராஜும் வந்தது, முழு விலை 50 டாலர். அதை வாங்கியவர்கள் முதல் சில நாட்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான் என்பது ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு. கணிப்பில் பிழை இருக்கலாம். ஆனால் அது பத்து மடங்கு தவறாக இருந்தாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

பல ஆண்டுகளாக இலவசமாக இறக்கிவிட்டு உள்ளே காசு கொடுத்துப் பழகிய கடையில் 50 டாலர் விலைப்பட்டியல் தொங்கினால் யார் நிற்பார்கள்? அந்தப் பழக்கத்தை வளர்த்ததும் ஆப்பிள்தான், அதில் லாபம் பார்ப்பதும் ஆப்பிள்தான்.

எபிக் வழக்கால் இதில் என்ன மாறியது?

2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் தன் ஃபோர்ட்நைட் கேமுக்குள் நேரடிக் கட்டண வழியைத் திறந்தது. அன்றே ஆப்பிள் அதைக் கடையிலிருந்து நீக்கியது. அன்றே எபிக் வழக்குப் போட்டது. தீர்ப்பில் பெரும்பாலான அம்சங்களில் ஆப்பிள் வென்றது. ஒன்றில் தோற்றது: வெளியே மலிவாக வாங்கலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆப்பிள் அதற்கு இணங்கிய அழகு தனி. வெளியே நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது! 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி இதை வேண்டுமென்றே செய்த உத்தரவு மீறல் என்று கடுமையாகச் சாடினார். மே மாதத்தில் ஃபோர்ட்நைட் அமெரிக்க ஆப் ஸ்டோருக்குத் திரும்பியது.

கமிஷன் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஸ்டூடியோக்களின் மனநிலையில் நேர்ந்தது. மேக்குக்கும் கேம் செய்யுங்கள் என்று கேட்க வேண்டிய நிறுவனம், கேம் செய்பவர்களோடு ஐந்து ஆண்டு கோர்ட்டில் நின்றது.

சரி, நீங்கள் முடிவெடுப்பவராக இருந்தால் பணத்தை எதில் போடுவீர்கள்?

பழைய கேம்கள் ஓடிக்கொண்டே இருப்பதில். மேடையில் காட்ட அழகான வேலை இல்லை, தெரியும். ஆனால் மேக் பற்றிய கேள்வியில் சொன்ன நோய்க்கு இதுதான் மருந்து. பழையதை ஓடவைப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான பொறியாளர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆகும் செலவு, ஆக்டிவிஷன் விலையில் ஒரு துளி.

வால்வ் செய்ததை அடுத்துப் பார்க்கலாம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குக் கேம் செய்யுங்கள் என்று அது ஊர் ஊராகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருளை 2018-இல் வெளியிட்டு, பாரத்தைத் தானே சுமந்தது. அதை நம்பி 2022-இல் கையில் வைத்து விளையாடும் ஸ்டீம் டெக் கருவியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே வால்வின் இணையக் கேம் கடையான ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸ் மேக்கை முந்தியது. ஆப்பிளிடமும் இதே போன்ற சரக்கு இருக்கிறது. 2023-இல் வந்த கேம் போர்ட்டிங் டூல்கிட் விண்டோஸ் கேமை மேக்கில் ஓட்டிக் காட்டுகிறது. ஆனால் அதை ஸ்டூடியோக்கள் சோதித்துப் பார்ப்பதற்கான கருவியாகத்தான் கொடுத்தார்கள். வாங்குபவருக்கு நேரடியாக, ஒரு பொத்தானில், மேக்ஓஎஸ்ஸின் அங்கமாகவே அதைக் கொடுக்க வேண்டும் என்பேன்.

அப்படிச் செய்தால் மேக்குக்கென்றே யாரும் கேம் எழுத மாட்டார்களே?

நியாயமான பயம்தான். ஆனால் இப்போது மட்டும் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? 2020 டிசம்பரில் மற்ற இடங்களில் வந்த சைபர்பங்க் 2077 மேக்குக்கு வர 2025 ஜூலை ஆயிற்று. முதலில் விளையாடும் கூட்டம் சேரட்டும். கூட்டம் இருக்கும் இடத்துக்கு ஸ்டூடியோக்கள் தாமாக வரும்.

கேமில் பணம் போடுவது பிள்ளைகளைக் கெடுக்கும் தொழிலில் பணம் போடுவது இல்லையா?

கெடுப்பது கேமுக்குள் ஓயாமல் காசு கேட்கும் முறைதான். ஆப்பிள் ஏற்கெனவே அதில் சம்பாதிக்கிறது. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர 2014-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்ட நிறுவனம் அது. ஒருமுறை விலை கொடுத்து முழுதாக வாங்கும் கேம்களுக்கு முதலீடு போனால் இந்தக் கவலை குறையவே செய்யும்.

இதனால் நம் ஊரில் யாருக்கு என்ன லாபம்?

விளையாடுபவர்களுக்குப் பெரிதாக இல்லை. இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. வேலை தேடுபவர்களுக்கு உண்டு. கேம் நிறுவனங்களில் ராக்ஸ்டாருக்குப் பெங்களூரிலும் யூபிசாஃப்டுக்குப் புனே, மும்பையிலும் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. கேம்களை ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் சோதிப்பதும் இந்தியாவில் வளர்ந்துவரும் வேலைகள். மெட்டல் தெரிந்தவர்கள் குறைவு. கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள்.

ஆப்பிள் பங்கு வைத்திருக்கிறேன். கேமால் விலை ஏறுமா?

அதற்காக வாங்காதீர்கள். ஐபோன் விற்பனைக்கு முன் இது தூசு. கமிஷன் மேலும் வெட்டப்படுமா என்பதைத்தான் பங்குதாரர் கவனிக்க வேண்டும். அந்தத் திசையில் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே வாய்ப்பு அதிகம்.

கேம் விளையாட இப்போது மேக் வாங்கலாமா?

வேறு வேலைக்காக மேக் வாங்குகிறீர்கள், கேம் கூடுதல் இன்பம் என்றால் தாராளமாக வாங்கலாம். பால்டர்ஸ் கேட் 3, சைபர்பங்க் இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. கேமுக்காகத்தான் என்றால் அதே பணத்தில் விண்டோஸோ கன்சோலோ வாங்குங்கள். நண்பர்கள் எல்லாரும் விளையாடும் கேம் மேக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஆப்பிள் இந்த முறை உண்மையிலேயே மனம் மாறிவிட்டது என்று எதை வைத்து நம்புவது?

சில நல்ல அறிகுறிகள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ் மற்ற இடங்களில் வந்த அன்றே மேக்கிலும் வந்தது. அதே ஆண்டு ஆப்பிள் முதன்முறையாக ஒரு கேம் ஸ்டூடியோவை வாங்கியது: இரண்டே பேர் கொண்ட ராக்7. பெரிய நிறுவனத்தை வாங்குவதைவிட இந்த அளவு அதற்குப் பொருந்துகிறது. ஐஓஎஸ் 26-இல் கேம்ஸ் என்று தனிச் செயலியும் வந்திருக்கிறது. 2016-இல் கேம் சென்டர் செயலியை நீக்கியவர்களும் இவர்களே என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் காத்திருப்பது வேறொன்றுக்கு. இன்டெல் காலத்து மென்பொருளை ஓடவைக்கும் இரண்டாம் ரொசெட்டா மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025-இல் அறிவித்தார்கள். அதோடு, இனி யாரும் புதுப்பிக்காத பழைய கேம்களுக்காக மட்டும் அதன் ஒரு பகுதியை அதற்குப் பிறகும் வைத்திருப்போம் என்றும் சொன்னார்கள். கேமுக்கென்று இப்படி ஒரு விதிவிலக்கை ஆப்பிள் வாயிலிருந்து கேட்பது புதிது. 27-க்கு அடுத்த பதிப்பு வரும்போது அந்தப் பகுதியில் எத்தனை கேம்கள் திறக்கின்றன என்று பார்த்துவிட்டு இந்தப் பதிலைத் திருத்துவேன்.